முப்பது அடித் தண்ணீர்

ஓலைக்காட்டுப்புதூர்,
பல்லடம் வழி.
12-8-1962

மாப்பிள்ளை அரங்கசாமி அவர்களுக்கு,

நலம் கேட்டுத் தொடங்குவது வழக்கம். நான்கு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இன்று நலம் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ராமாமணியின் கடிதம் வந்தது. வால்பாறையில் இருபது நாளாக மழை விடவில்லையாம். துவைத்த துணி காயவில்லையாம். அடுப்புக்கு மேலே கொடி கட்டி உங்கள் சட்டைகளை உலர்த்துகிறாளாம். எல்லாச் சட்டையிலும் புகை வாசம் என்று நீங்கள் கோபித்துக்கொள்கிறீர்களாம். என் தங்கையாக இருப்பதால் பொறுமையாக முழுவதும் படித்தேன். இங்கே ஆடிக் காற்றில் கிணற்று மேட்டு மண் பறந்து கண்ணில் விழுகிறது. குடிக்கிற தண்ணீர் அரை மைல் தள்ளி, சம்பந்தி பங்காருவின் தோட்டத்திலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவருகிறோம். என் மகளைக் கொடுத்த வீட்டில் நான் தண்ணீர் கேட்டு நிற்கிறேன். வரலட்சுமி மாடியிலிருந்து வண்டியைப் பார்ப்பாள். கீழே இறங்கி வர மாட்டாள். வந்தால் எங்கே பார்ப்பது என்று நான் தவிப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

கால்வாய் வந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கிளை வாய்க்கால் பங்காருவின் கடைசி வரப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் என் பதினான்கு ஏக்கர். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் என் தென்னைகளுக்குக் கேட்கும். நடுவே கரும்பாறை கிடப்பதால் கசிவுகூட இந்தப் பக்கம் வருவதில்லை. இதற்கிடையில் சர்க்கார் கம்பி இழுத்து, கடனும் கொடுத்து, என்னைச் சுற்றிப் பதினோரு கிணற்றில் மோட்டார் வைத்துவிட்டது. எல்லோரும் தொண்ணூறு அடி, நூறு அடி என்று ஆழப்படுத்திவிட்டார்கள். என் கிணறு அறுபது அடியில் பாறை. அதற்குக் கீழே வெடி வைத்தும் பார்த்தாயிற்று. பாறைதான் உடைந்தது.

கால்வாய்ப் பாசனம் பெறும் நிலங்களின் ஆயக்கட்டுப் பட்டியலில் என் நிலத்துக்கு எதிரே இருக்கும் குறிப்பு எனக்கு மனப்பாடம். "கிணற்றுப் பாசனத் தோட்டம். கோடையிலும் நீர் போதுமானது. கால்வாய் நீர் தேவையில்லை." கீழே விசாரணை அதிகாரியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை வரலட்சுமியின் கல்யாணப் பத்திரிகைக்கு நன்றி சொல்லி நீங்கள் எழுதிய கடிதத்திலும் பார்த்திருக்கிறேன்.

மனைவி வீட்டு நிலத்துக்குத் தண்ணீர் விட்டான் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தீர்கள். நேர்மையான அதிகாரி என்று பெயர் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பெயரை எத்தனை வேளை குடிக்க முடிகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். வேறு எதுவும் கேட்கவில்லை.

வரதராஜுலு


வால்பாறை
27-8-1962

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ராமாமணியிடம் காட்டவில்லை.

நான் இப்போது அந்தக் கால்வாய்ப் பிரிவில் இல்லை. இங்கே மலையில் அணை வேலை. பட்டியல் முடிந்து அச்சாகிவிட்டது. துணை விசாரணை ஒன்று பிற்பாடு வரலாம் என்கிறார்கள். வந்தால் மனுச் செய்யுங்கள். அதிகாரியாக இவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

உறவினனாக ஒன்று. அந்தக் குறிப்பை நான் கற்பனை செய்து எழுதவில்லை. நான் கேட்டேன், நீங்கள் சொன்னீர்கள், சாவடியில் பத்துப் பேர் முன்னால். "முப்பது அடிக்குக் குறையாதுங்க" என்பது உங்கள் வாய்மொழி. அப்படியே எழுதினேன். பதினைந்து அடிக்கு மேல் கோடைநீர் நிற்கும் கிணறு இருந்தால் அந்த நிலத்தைச் சேர்க்கக் கூடாது என்பது எங்களுக்குக் கொடுத்த விதி. விதியை நான் போடவில்லை.

சட்டைகளில் புகை வாசம் வருவது உண்மை. கோபித்துக்கொண்டேன் என்பது ராமாமணி சேர்த்துக்கொண்டது.

அரங்கசாமி


ஓலைக்காட்டுப்புதூர்
9-9-1962

மாப்பிள்ளை அவர்களுக்கு,

என் வாய்மொழியை எனக்கே படித்துக் காட்டியதற்கு வந்தனம். நாம் வீட்டில் பேசுவது தெலுங்கு. இதைத் தெலுங்கில் எழுதினால் வசவாகிவிடும். தமிழில் எழுதினால் கொஞ்சம் வரிசையாக வருகிறது. வரிசையாகவே சொல்கிறேன்.

1956 தை மாதம் பங்காரு தன் மகனுக்காக வரலட்சுமியைப் பார்க்க வந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பொண்ணப் பாக்கறது இருக்கட்டுமுங்க. மொதல்ல கெணத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்றார். மேட்டில் ஏறி, ஒரு கல்லை எடுத்துப் போட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார். ஐப்பசி மழை நன்றாகப் பெய்த வருஷம். முப்பது அடிக்குமேல் நின்றது. "கோடையிலீங்க?" என்றார். "இதேதானுங்க" என்றேன்.

வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? கோடையில் வற்றுகிற வீட்டில் பெண் எடுத்தால் சித்திரை தோறும் சம்பந்தியின் மாடுகளும் தன் தொட்டிக்கு வந்து நிற்கும் என்று ஒவ்வொருவனும் பயப்படுகிற பூமி இது. அதற்கு முன் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் கிணற்று மேட்டோடு திரும்பிப் போய்விட்டார்கள். வீட்டுக்குள் வந்து ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்கவில்லை. அறைக்குள்ளே புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எந்தச் சர்க்கார் பாரத்திலும் எழுத இடமிருக்காது.

பங்குனியில் உங்கள் விசாரணை. நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. சாவடியில் நீண்ட பெஞ்சின் ஒரு கோடியில் நான், மறுகோடியில் பங்காரு. நீங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள். "கோடையில கெணத்துல எத்தனை அடி தண்ணி நிக்குமுங்க?"

பங்காரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. வெற்றிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முப்பது என்றேன். சுண்ணாம்பு மறுபடியும் தடவ ஆரம்பித்தது.

இது என் குற்றம். நான் மறைக்கவில்லை. இப்போது உங்களுடையதைச் சொல்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் சித்திரையில் ஊர்த் திருவிழா நோம்பிக்கு வந்திருந்தீர்கள். மோட்டார் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட்வால்வு சேற்றில் சிக்கிவிட்டது என்று நானும் நீங்களும் கிணற்றுக்குள் இறங்கினோம். உங்கள் கல்யாண மோதிரம் கழன்று விழுந்தது. காலால் சேற்றைத் துழாவி, கால் விரல்களாலேயே அதைப் பிடித்து எடுத்தீர்கள். "நல்ல வேளை மச்சான், முழங்கால் தண்ணி" என்று சிரித்தீர்கள். முப்பது அடித் தண்ணீரில் மோதிரத்தைக் கால் விரலால் எடுக்கிறவர் கிண்டியில் படித்த எஞ்சினீயராக இருக்க வேண்டியதில்லை, மீனாக இருக்க வேண்டும்.

ஆகவே உங்களுக்குத் தெரியும். நான் முப்பது என்றபோது நீங்கள் தலை நிமிராமல் முப்பது என்று எழுதினீர்கள். சாவடியிலிருந்து என் கிணறு இரண்டு பர்லாங்கு. ஒரு கயிறு, கயிற்று முனையில் ஒரு கல். வேறென்ன வேண்டும் ஒரு சர்க்காருக்கு?

வரதராஜுலு


வால்பாறை
2-12-1962

மச்சான் அவர்களுக்கு,

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

எனக்குத் தெரியும். நீங்கள் முப்பது என்றதும் எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, நிம்மதி. அந்த வாரம்தான் மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. "பொண்டாட்டி ஊட்டுக்கு வாய்க்கா வெட்டறாரு" என்று. அவர் அதை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் உண்மையை எழுதியிருந்தால் உங்கள் நிலம் உள்ளே வந்திருக்கும், மொட்டைக் கடிதமும் உண்மையாகியிருக்கும். உங்கள் வாயிலிருந்தே முப்பது வந்தபோது என் பேனா வேகமாக ஓடியது. எழுதி முடித்து மை உலர ஊதினேன். அது நினைவிருக்கிறது.

நாற்பத்திரண்டு கிராமத்தில் இப்படித்தான் செய்தோம். ஒரு மேசை, ஒரு பெஞ்ச், ஒரு கேள்வி. சொன்னதை எழுதிக்கொண்டோம். வரி கூடும் என்று பயந்தவர்கள் குறைத்துச் சொன்னார்கள். வீட்டில் கல்யாண வயதில் பெண்ணோ பையனோ இருந்தவர்கள் கூட்டிச் சொன்னார்கள். அந்த எண்களைக் கூட்டி, இத்தனை தண்ணீர் இத்தனை ஏக்கருக்குப் போதும் என்று மேலே அனுப்பினோம். அணையில் கலக்கிற சிமெண்டுக்கு மூன்று தரம் பரிசோதனை. அந்தத் தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று தீர்மானித்த எண்களுக்கு ஒரு பரிசோதனையும் கிடையாது.

இதை ஒரு குறிப்பாக எழுதி அனுப்பினேன். மின்சாரம் ஓர் இலாகா, கிணறு வெட்டக் கடன் இன்னோர் இலாகா, கால்வாய் நாங்கள். அடியில் இருக்கும் தண்ணீர் ஒன்றுதான் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. மாதத்துக்கு ஒரு தரம் கிணறுகளை அளக்க வேண்டும், அளந்த பிறகுதான் புதுக் கம்பி இழுக்க வேண்டும், கால்வாயையும் கிணற்றையும் ஒரே கணக்கில் வைத்து முறை போட வேண்டும் என்று எழுதினேன். "பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை" என்று பதில் வந்தது.

உங்கள் விஷயம். துணை விசாரணை வருவது உறுதி. ஆனால் ஒரு நிபந்தனை. பட்டியலுக்குப் பிறகு வற்றிப்போன கிணற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் விசாரணையில் தவறான தகவல் பதிவாகியிருந்தால் மட்டும் திருத்துவார்கள். அதாவது 1956-இல் சொன்னது பொய் என்று நீங்களே சாவடியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாய்க்காலின் பக்கத்து நிலக்காரர்களுக்கும் நோட்டீஸ் போகும். பங்காருவும் வருவார்.

மோதிரத்தை இன்னும் போட்டிருக்கிறேன்.

அரங்கசாமி


ஓலைக்காட்டுப்புதூர்
18-2-1964

மாப்பிள்ளை அவர்களுக்கு,

துணை விசாரணை நேற்று முடிந்தது. ராமாமணிக்கு யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

அதே சாவடி, அதே பெஞ்ச். அதிகாரி புது ஆள், சின்ன வயது, மரியாதையானவர். என் மனுவைப் படித்துவிட்டு, அச்சடித்த தாள் ஒன்றை முன்னால் தள்ளிப் பேனாவையும் திறந்து கொடுத்தார். "ஐம்பத்தாறுல நீங்க குடுத்த தகவல் தப்புன்னு இதுல கையெழுத்துப் போடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். பேனாவைக் கையில் வாங்கினேன்.

பங்காரு எழுந்தார். எழுந்தவர் முதலில் அதிகாரிக்கு ஒரு கும்பிடு, எனக்கு ஒரு கும்பிடு. எங்கள் பக்கத்து மரியாதையை நீங்கள் அறிவீர்கள். கத்தியை உருவும்போதுகூட ஒரு 'ங்க' போட்டுத்தான் உருவுவோம்.

"ஏனுங் சம்பந்தி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு இதே பெஞ்சுல முப்பதடின்னீங்க. அந்தத் தண்ணியப் பாத்துத்தானுங்க நாங்க பொண்ணெடுத்தோம். இப்ப அது பொய்யின்னு எழுதப் போறீங்களாட்ட இருக்குது. அப்ப எங்களுக்குச் சொன்னதும் பொய்தானுங்களே?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். எண்ணெய்ச் செக்கு மாசாணம் என்று நினைக்கிறேன். "தண்ணிதானுங் காட்டினாரு, ஆழமாங் காட்டினாரு?" என்று கேட்டது அவன்தான். சாவடி முழுக்கச் சிரிப்பு. அதிகாரியும் குனிந்துகொண்டார்.

பங்காரு சிரிக்கவில்லை. "அம்மணி எங்கூட்டுல நல்லாத்தானுங்க இருக்குது. நாங்க ஒண்ணும் கொறை வெக்கல. நாளைக்கு நாலு சனம் வந்து, பொய் சொல்லிக் கட்டிக் குடுத்த பொண்ணுன்னு சொல்லிப்போட்டா, அத நெனச்சுத்தானுங்க கேக்கறேன். நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு எத்தன அடிங்க?"

அவருக்கு என் மகள்மேல் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் நிலம் உள்ளே வந்தால் அவருடைய முறைத் தண்ணீரில் வாரத்துக்கு ஒரு பகல் குறையும். அந்த அக்கறை இதைவிடக் கொஞ்சம் பெரியது. வரலட்சுமி இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாதம். அந்த வீட்டில்தான் அவள் எழுந்து, அந்த வீட்டில்தான் படுக்கிறாள்.

பேனாவில் மை சொட்டித் தாளில் ஒரு பொட்டு விழுந்தது. நான் மூடி வைத்துவிட்டேன்.

"அன்னைக்கு முப்பது அடி இருந்துச்சுங்க" என்றேன்.

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "தவறான தகவல் இல்லை. மனு தள்ளுபடி" என்று எழுதினார். நான் அந்தச் சாவடியில் இரண்டாவது தடவையாகப் பொய் சொன்னேன். ஒரு சர்க்கார் இரண்டாவது தடவையாக அதை எழுதிக்கொண்டது. கிணறு அதே இரண்டு பர்லாங்கு தூரத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த சாவடியில் ஒருவருக்கும் கால் எழவில்லை.

வெளியே வந்தபோது பங்காரு என் தோளைத் தொட்டார். "வண்டிய நாளைக்கும் அனுப்புங்க. தண்ணிக்கென்னங்க" என்றார்.

வரதராஜுலு


வால்பாறை
5-3-1964

மச்சான் அவர்களுக்கு,

கையில் பேனா இருந்தது. அதை நீங்கள் மூடினீர்கள். இனி என் கையெழுத்தைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள்.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் வைத்திருந்தேன். கோடு போட்டு அடிக்க மனம் வரவில்லை, அதனால் அப்படியே இருக்கட்டும். மீதியை இன்று எழுதுகிறேன்.

போன வருஷமே நான் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். 1955 சித்திரையில் அந்தக் கிணற்றுக்குள் நானே நின்றேன், முழங்கால் தண்ணீர்தான், தெரிந்தே முப்பது என்று பதிவு செய்தேன் என்று. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. துணை விசாரணை முடிந்ததும், நில உரிமையாளரே பதிவை மறுக்காதபோது அதிகாரியின் நினைவை வைத்துப் பட்டியலைத் திருத்த முடியாது என்று முடித்துவிட்டார்கள். உங்கள் முப்பது என் முழங்காலை ஜெயித்துவிட்டது.

அடுத்த மாதம் என்னைச் சென்னை அலுவலகத்துக்கு மாற்றுகிறார்கள். காகித வேலை. தண்டனை என்று நினைத்து அனுப்புகிறார்கள். அங்கே கிணற்று நீர் மட்டம் பற்றி ஒரு கோப்புத் தொடங்க முடியுமா என்று பார்க்கப் போகிறேன். கோப்பில் வைக்க ஒரு எண்கூட இல்லை. நம் தாலுகாவில் எத்தனை மோட்டார் என்று மின்சாரக்காரர்களுக்குத் தெரியும். எந்தக் கிணற்றில் எந்த மாதம் எத்தனை அடி என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது.

ஒரு காரியம் செய்யுங்கள். தமிழ் மாதம் முதல் தேதி, மோட்டார் போடுவதற்கு முன், கயிறு விட்டு அளந்து எழுதி வையுங்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம்.

அரங்கசாமி


ஓலைக்காட்டுப்புதூர்
30-3-1964

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பதவி உயர்வு போனதற்கு வருத்தம். உண்மையாகவே வருத்தம். ராமாமணிக்கு இதை எப்படிச் சொன்னீர்கள் என்று தெரியவில்லை.

மற்றபடி நான் உங்கள் இலாகாவின் சம்பளமில்லாத குமாஸ்தா அல்ல. செத்துக்கொண்டிருக்கிறவனிடம் நாடியைப் பிடித்து மாதா மாதம் எழுதி அனுப்பு என்று கேட்கிறீர்கள். முடியாது.

வரதராஜுலு


சென்னை
2-5-1966

மச்சான் அவர்களுக்கு,

இரண்டு வருஷம் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நானும் எழுதவில்லை. மழை இரண்டு வருஷமாகப் பொய்த்தபிறகு இங்கே சிலருக்குக் காது கேட்கத் தொடங்கியிருக்கிறது. என் கோப்பு ஓர் அங்குலம் நகர்ந்தது. சோதனையாக நம் தாலுகாவில் இருபது கிணறுகளை எடுத்துக்கொள்ள உத்தரவாகியிருக்கிறது. தொடர்ந்து இரண்டு கோடை வற்றியது என்று நிரூபணமானால், பழைய பட்டியல் எப்படியிருந்தாலும், மூன்று வருஷத்துக்கு ஒரு போகம் கால்வாயின் மிச்சத் தண்ணீர் கொடுக்கலாம் என்று பரிந்துரை. இன்னும் பரிந்துரைதான். ஆனால் காகிதத்தில் வந்துவிட்டது.

இருபதில் பத்தொன்பதைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். ஒன்றை நான் சேர்த்தேன். மனைவி வீட்டுக் கிணறு என்று குறிப்பில் நானே எழுதிவிட்டேன். இந்தத் தடவை மொட்டைக் கடிதம் போடும் சிரமம் யாருக்கும் இருக்காது.

ஜூன் ஆறாம் தேதி ஞானமுத்து என்ற சர்வேயர் வருவார். நல்ல பிள்ளை. அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்த கதையோ இல்லாத கதையோ அவருக்குத் தெரியாது.

உங்களிடம் எண்கள் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லாவிட்டால் பரவாயில்லை.

அரங்கசாமி


ஓலைக்காட்டுப்புதூர்
22-5-1966

மாப்பிள்ளை அவர்களுக்கு,

முதலில் செய்தி. மாசி மாதம் தொண்ணூற்றிரண்டு தென்னை வெட்டினேன். குருத்து சாய்ந்தபின் வைத்திருப்பதில் பயன் இல்லை. மீதி நாற்பது நிற்கிறது. பங்காருவின் தோட்டத்து வண்டித் தண்ணீரில் அவை நிற்கின்றன என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். மோட்டாரைக் கழற்றிக் களத்தில் வைத்துச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன்.

முடியாது என்று உங்களுக்கு எழுதிய பதினைந்தாவது நாள், சித்திரை முதல் தேதி, கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். வரலட்சுமி பிரசவத்துக்கு வந்திருந்தாள். கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டு மெதுவாக மேடேறி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளாகவே சொன்னாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்கப்பா. சித்திரையான சித்திரைக்குக் கன்னுக்குட்டிக்குத் தண்ணி மோக்க அடிப்படி வரைக்கும் எறங்கினவ நானு. முப்பதடியாம்!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"சாவடியில நீங்க பேனாவ மூடி வெச்சதச் சொன்னாங்க. அங்க எங்க ஊட்டுல என்ன பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்கப்பா. ஒரு சொம்புத் தண்ணி சேத்தி மொண்டாப் போதும், முப்பதடித் தண்ணி ஊட்டுப் பொண்ணல்லோ, தாராளந்தான்னு மாமியா சொல்லுவாங்க. நானும் ஆமாங்கத்தே, முப்பதடிதானுங்க, எங்கப்பன் பொய் சொல்ல மாட்டாருங்கன்னு சொல்லுவேன். எட்டு வருசமா இதையே சொல்லிட்டிருக்கறனுங்க."

நான் அவளைப் பார்க்கவில்லை. கிணற்றைத்தான் பார்த்தேன்.

"இனி நீங்க மாத்திப் பேசிப்போட்டீங்கன்னா நான் அந்த ஊட்டுல எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறதுங்க? அதனால நீங்க முப்பதுன்னே இருங்க. கயிறு வேணும்னாச் சொல்லிக்கட்டும். கயிறு சொன்னா அது நாம சொன்னதாகாது."

நீங்கள் எனக்கு எழுதியதை ராமாமணி அவளுக்கு எழுதியிருக்கிறாள். என் வீட்டில் நம் கடிதங்கள் உட்பட எல்லாமே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

முன்பு மாடு பூட்டி நீர் இறைத்த பழைய கவலைக் கயிற்றை அவளே தேடி எடுத்துவந்தாள். அடிக்கு ஒரு முடிச்சு. முடிச்சை அவள் போட்டாள், கல்லை நான் கட்டினேன். அன்று ஏழு முடிச்சு நனைந்தது. அதன் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை. இருபத்தாறு மாதத்துக்கான தாள் இத்துடன் இருக்கிறது. கார்த்திகை, மார்கழிக்கு எதிரே பெரிய எண் எதையும் தேடாதீர்கள், இல்லை. இந்த வருஷம் தையிலிருந்து சுழி மட்டும்தான். சுழியையும் கயிறு விட்டுத்தான் எழுதினேன். மேலிருந்து பார்த்தாலே தெரியும் என்பதற்காக ஒரு மாதமும் பார்த்து எழுதவில்லை.

நீங்கள் எழுதிய பரிந்துரையைப் படித்தேன். மூன்று வருஷத்துக்கு ஒரு போகம். இருபது வயதுத் தென்னைக்கு அது போதாது என்று உங்களுக்கும் தெரியும். சர்க்கார் எப்போதுமே சாகாமல் இருக்கிற அளவைவிட ஒரு கை குறைவாகத்தான் கொடுக்கும். ஆனாலும் அளந்து பார்த்துக் குறைவாகக் கொடுப்பதற்கும் அளக்காமலே இல்லையென்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு வருஷமும் தொண்ணூற்றிரண்டு மரமும் ஆயின. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மோதிரத்தைக் காலால் எடுத்ததை நான் மறக்கப்போவதில்லை.

ஞானமுத்து வரட்டும். அவர் சாவடியில் மேசை போடுவார். பழக்கம் அப்படி. பெஞ்சில் பங்காருவும் வந்து உட்கார்வார். இருபது கிணற்றில் என் கிணறும் ஒன்று என்பது ஏற்கெனவே அவர் காதுக்குப் போயாயிற்று. நேற்றுத் தண்ணீர் வண்டிக்காரனிடம், "சம்பந்தி கெணத்தப் பாக்க ஆபீசர் வாராராமா? முப்பதடிக் கெணத்துல அவருக்கென்ன வேல?" என்று கேட்டிருக்கிறார்.

ஆகவே உங்கள் சர்வேயருக்கு ஒன்று மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சாவடியில் உட்கார வேண்டாம். நேரே தோட்டத்துக்கு வரட்டும். கயிறு கிணற்று மேட்டு வேப்பமரத்தில் கட்டியிருக்கிறது. அவரே இழுத்து, அவரே எண்ணிக்கொள்ளட்டும். நான் வீட்டுக்குள்ளேயே இருப்பேன்.

என்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்டால், பத்துப் பேர் முன்னால், முப்பது என்றுதான் சொல்வேன்.

வரதராஜுலு